இரண்டு கையும் தூண்டிலில் இருக்கும்போது படகை யார் திருப்புவது? ட்ரோலிங் மோட்டார் ஸ்டீயரிங் தேர்வு: ஒரு நிகழ்வு ஆய்வு

மாமனாரும் மருமகனும் சேர்ந்து வைத்திருக்கும் மீன்பிடிப் படகு. 4.9 மீட்டர் நீளம், அலுமினிய உடல், பின்னால் பெட்ரோல் எஞ்சின். மீன் இருக்கும் இடம்வரை எஞ்சினில் போவார்கள். அங்கே அதை அணைத்துவிட்டு, சத்தமில்லாத மின் ட்ரோலிங் மோட்டாரில் மெல்ல நகர்ந்தபடி பிடிப்பார்கள். ஆட்கள், எரிபொருள், பேட்டரி, சாமான் எல்லாம் சேர்த்தால் எடை சுமார் 600 கிலோ. பின்பலகையில் கவ்விப் பிடித்திருந்த, கைப்பிடியால் திருப்புகிற பழைய மோட்டாரை எடுத்துவிட்டு, அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், புதிதாக ஒன்றைப் பொருத்த வேண்டும் என்று என்னிடம் வந்தார்கள். படகுகளுக்கு மின்வேலை செய்வது என் தொழில்.

மோட்டாரைப் பற்றி அவர்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. ஸ்டீயரிங்கைப் பற்றித்தான். மாமனாருக்கு ஜிபிஎஸ் வைத்த ரிமோட் வேண்டும். மருமகனுக்குக் காலால் மிதித்துத் திருப்பும் கேபிள் பெடல் வேண்டும். இருவரும் சொன்ன காரணங்கள் நியாயமானவை. ஒருவர் சொன்னது தப்பாக இருந்திருந்தால் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்காது.

இருவரும் பிடிக்கிற விதம்

மருமகன் அணியத்தில் நின்றபடியே பிடிப்பவர். கரையோரப் பாறை, மூழ்கிக் கிடக்கும் மரக்கிளை, கோரைப் புல் ஓரம் என்று ஓர் ஆள் ஆழம்கூட இல்லாத தண்ணீரில் செயற்கை இரையை வீசி வீசி இழுப்பார். வீச்சுக்கு வீச்சு படகைக் கொஞ்சம் நகர்த்த வேண்டும், கொஞ்சம் திருப்ப வேண்டும். இரண்டு கையும் ராடிலும் ரீலிலும்தான் இருக்கும். அவருக்கு மிச்சம் இருப்பது கால் மட்டும்.

மாமனார் பிடிப்பது ஆழத்தில். 10, 12 மீட்டருக்குக் கீழே தரையில் ஒரு பாறை மேடு இருந்தால், அதன் நேர் மேலே படகை நிறுத்தி இரையைச் செங்குத்தாக இறக்குவார். சில நாள் ஒரே ஆழக்கோட்டை ஒட்டி மணிக்கு 2, 3 கிலோமீட்டர் வேகத்தில் தூண்டில் நரம்பை விட்டு இழுத்தபடி போவார். அவருக்கு முழங்கால் வலி உண்டு. தளத்துக்கு மேலே கொஞ்சம் உயரத்தில் இருக்கும் பெடலில் ஒரு காலை வைத்து, உடம்பின் பாரத்தை மறு காலில் தாங்கி அரை நாள் நிற்பது அவரால் முடியாது. பெடல் மோட்டார் பற்றிப் பேசும்போது பலரும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். முழங்காலும் இடுப்பும் நல்ல நிலையில் இருப்பவர்களுக்கே சாயங்காலம் தெரியும்.

"மாமா, நீங்க சொல்ற ரிமோட்டுல நங்கூரம் போட்ட மாதிரி நிக்கலாம், சரி. கிளைக்குள்ள இரை போயி மீன் கொத்துற நேரத்துல நான் பட்டனைத் தேடிக்கிட்டு இருக்கவா?" என்றார் மருமகன்.

"மாப்பிள்ளை, உங்களுக்கு நிக்கக் கால் இருக்கு. எனக்குக் காத்தடிச்சா படகு நிக்கணும், அவ்வளவுதான்" என்றார் அவர்.

பழைய மோட்டாரில் என்ன குறை

ஸ்டீயரிங்கைப் பேசுவதற்கு முன்னால் மோட்டார் எங்கே இருக்கிறது என்பதைப் பார்த்துவிட வேண்டும். ஏனென்றால் அவர்கள் ஸ்டீயரிங் குறை என்று நினைத்ததில் பாதி, இடத்தின் குறை.

பின்பலகையில் இருக்கும் மோட்டார் படகைத் தள்ளுகிறது. அணியத்தில் இருப்பது இழுக்கிறது. காற்றில் இந்த வித்தியாசம் பெரிது. தள்ளும்போது முன்முனையைப் பிடித்துக்கொள்ள எதுவும் கிடையாது. காற்று அதை ஒரு பக்கமாகத் தள்ளிவிடும், படகு விலாவைக் காட்டிக்கொண்டு நிற்கும். விலாவைக் காட்டினால் காற்று படுகிற பரப்பு கூடுகிறது, இன்னும் வேகமாகத் தள்ளுகிறது. அணியத்திலிருந்து இழுத்தால் படகு மோட்டாரின் பின்னாலேயே நேராக வரும், முகம் காற்றைப் பார்த்து நிற்கும்.

இந்தப் படகுக்கு ஒரு தோராயக் கணக்குப் போட்டேன். முகத்தைக் காற்றுக்குக் காட்டும்போது, நிற்கிற ஆட்களையும் சேர்த்து, காற்று படும் பரப்பு 1.5 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 5 மீட்டர் காற்றில் அது தள்ளும் விசை சுமார் 22 நியூட்டன். மோட்டார்க்காரர்கள் பேசுகிற கணக்கில் 5 பவுண்டு. காற்று இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். நொடிக்கு 10 மீட்டரில் 90 நியூட்டன், அதாவது 20 பவுண்டு. அதே காற்றில் படகு விலாவைக் காட்டினால் பரப்பு 3.5 சதுர மீட்டரைத் தாண்டும், விசை 210 நியூட்டனுக்கு மேல் போகும். அது 47 பவுண்டு. ஒரு 55 பவுண்டு மோட்டாரின் மொத்த பலமே 245 நியூட்டன்தான். ஆக, அதே மோட்டார், அதே காற்று. முகம் திரும்பியிருந்தால் பாதி பலத்துக்கும் குறைவாகவே போதும், விலா திரும்பிவிட்டால் அநேகமாக முழு பலமும் வேண்டும். அலையும் நீரோட்டமும் இதில் சேரவில்லை.

வழக்கத்தில் இருக்கும் விதி, படகின் மொத்த எடையில் 100 பவுண்டுக்கு 2 பவுண்டு உந்துவிசை. 600 கிலோ என்பது ஏறக்குறைய 1,320 பவுண்டு. விதிப்படி 26, 27 பவுண்டு போதும். அமைதியான தண்ணீருக்கு அது சரி. காற்றுக் கணக்கைப் பார்த்த பிறகு 55 பவுண்டுக்குக் கீழே போக எனக்கு மனம் வரவில்லை. 12 வோல்ட்டில் பரவலாகக் கிடைக்கும் பெரிய அளவும் கிட்டத்தட்ட அதுதான். அதற்கு மேல் 70, 80 பவுண்டு என்று போனால் 24 வோல்ட், 100 பவுண்டைத் தாண்டினால் 36 வோல்ட்.

ஒரே ஒரு கேள்வி

ஸ்டீயரிங் வகைகளை ஒப்பிடும்போது எது வேகமாகத் திரும்பும், எதில் எத்தனை பட்டன் என்றுதான் பேச்சு போகும். நான் வேறு ஒன்றைக் கேட்பேன். மீன் கொத்திவிட்டது. இரண்டு கையும் ராடில். ஒருவர் வலையை எடுக்கக் குனிகிறார். அந்த அரை நிமிடம் மோட்டாரை யாரும் கவனிக்கவில்லை. அப்போது படகு என்ன செய்யும்? ஒவ்வொரு வகையும் இதற்கு வெவ்வேறு பதில் சொல்கிறது, தேர்வு அங்கேதான் பிரிகிறது.

கைப்பிடி வகையில் பதில் எளிது. பூட்டுத் திருகை எவ்வளவு இறுக்கி வைத்தீர்களோ அவ்வளவு நேரம் திசை நிற்கும். பழுதாக ஏதும் இல்லை. 1934இல் அமெரிக்காவின் ஃபார்கோ ஊரில் ஓ.ஜி. ஷ்மிட் ஒரு ஃபோர்டு மாடல் ஏ காரின் ஸ்டார்ட்டர் மோட்டாரை எடுத்துப் புரொப்பெல்லர் மாட்டி ஆரம்பித்த மின் மோட்டார்தான் மின் கோட்டா (Minn Kota) என்ற ட்ரோலிங் மோட்டார் நிறுவனமாக வளர்ந்தது. அன்றிலிருந்து எத்தனையோ மாறியும், சின்னப் படகில் உட்கார்ந்தபடி தனியாகப் பிடிப்பவருக்குக் கைப்பிடி இன்றும் போதும். இவர்கள் இருவருக்கும் அது போதாது, ஏனென்றால் இருவரில் யாருக்குமே கை காலியாக இல்லை.

கேபிள் பெடல் வகையில் காலுக்கும் மோட்டாருக்கும் நடுவே இரும்புக் கேபிள் நேராக ஓடுகிறது. விரல் பக்கம் அழுத்தினால் வலம், குதிகால் பக்கம் அழுத்தினால் இடம். கால் அசைந்த அந்த நொடியிலேயே, புரொப்பெல்லரைத் தாங்கித் தண்ணீருக்குள் இறங்கும் தண்டு திரும்பிவிடும். தண்ணீர் தரும் எதிர்ப்பும் காலுக்குத் தெரியும். புரொப்பெல்லர் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைக் கண்ணால் பார்க்காமலே கால் சொல்லிவிடும். மருமகன் கேட்டது இதைத்தான், அவர் கேட்டதில் தப்பே இல்லை. ஆனால் அந்த அரை நிமிடக் கேள்விக்கு இது சொல்லும் பதில் மோசமானது. புரொப்பெல்லர் சுற்றும்போது தண்ணீரின் எதிர்விசை தண்டையே ஒரு பக்கம் முறுக்கப் பார்க்கும். அதைத் தடுத்துக்கொண்டிருப்பது உங்கள் கால். வேகத்தில் இருக்கும்போது காலை எடுத்தால் மோட்டார் தானாகத் திரும்பும், படகு வட்டமடிக்கும். இறுக்கத்தைக் கூட்டி வைக்கலாம். கூட்டக் கூட்டப் பெடல் கனக்கும், அந்த நுணுக்கமான உணர்வும் குறையும்.

மின் பெடலில் கேபிள் கிடையாது. பெடலிலிருந்து வயர் வழியாகக் கட்டளை போகிறது. தண்டின் மேலே இருக்கும் சின்ன மோட்டார் ஒன்று பல்சக்கரத்தால் தண்டைத் திருப்புகிறது. காலை எடுத்தால் தண்டு விட்ட திசையிலேயே நிற்கும். பெடலைப் படகில் எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம், உட்கார்ந்துகொண்டு மிதிக்கலாம். குறை இரண்டு. திரும்புவதற்கு ஒரு கணம் எடுத்துக்கொள்ளும், திரும்பும்போது 'விர்' என்று சத்தம் வரும். கேபிள் தரும் உணர்வும் இதில் இல்லை. மோட்டார் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று அறிய, அதன் தலையில் இருக்கும் அம்புக்குறியைப் பார்க்க வேண்டும். திசை விலகாமல் இருக்கும். ஆனால் படகு அந்தத் திசையில் போய்க்கொண்டே இருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

ஜிபிஎஸ் சேர்ந்த ரிமோட் வகைதான் அந்த அரை நிமிடத்துக்கு நேரான பதில் வைத்திருக்கிறது. இதற்கு அடிப்படையும் மின் ஸ்டீயரிங்தான். அதோடு செயற்கைக்கோள் நிலைகாட்டியும் திசைகாட்டியும் சேர்கின்றன. 2010இல் மின் கோட்டாவின் ஐ-பைலட் வந்தபின் இது பரவலாயிற்று. பட்டனை அழுத்தினால் அந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளும். படகு விலகினால் மோட்டார் தானே திரும்பி, தானே ஓடி, பழைய இடத்துக்குக் கொண்டுவரும். சாதாரண நிலைகாட்டியின் துல்லியம் சில மீட்டர்தான். ஊசி முனையில் நிறுத்தியதுபோல் நிற்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பாறை மேட்டின் மேல் நிற்க அது போதும்.

கோட்டைப் பிடிப்பதும் திசையைப் பிடிப்பதும்

இந்த ரிமோட் மோட்டார்களில் 'ஆட்டோ பைலட்' என்று வருவது இரண்டு விதம். வாங்கப் போகும் மாடலில் எது இருக்கிறது என்று பார்த்தே ஆக வேண்டும். இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

ஒன்று, திசையைப் பிடிப்பது. அணியம் வடக்கே பார்க்க வேண்டும் என்றால் வடக்கையே பார்க்க வைக்கும். பக்கத்திலிருந்து காற்றடித்தால் முகம் வடக்கே இருக்கும், படகு மட்டும் மெல்ல மெல்லக் கிழக்கே நழுவும். கரையை ஒட்டிப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டிருப்போம். கொஞ்ச நேரத்தில் கரை தூரமாகியிருக்கும்.

இன்னொன்று, கோட்டைப் பிடிப்பது. நிலைகாட்டியின் உதவியால், தண்ணீர்மேல் ஒரு நேர்கோடு போட்டதுபோல் அந்தக் கோட்டிலேயே போகும். காற்றைச் சமாளிக்க முகத்தைக் கொஞ்சம் சாய்த்துக்கொள்ளும். மாமனார் ஆழக்கோட்டை ஒட்டி இரையை இழுக்க இது இல்லாமல் முடியாது. இரண்டும் இருந்து, மாற்றிக்கொள்ளும் வசதியுள்ள மாடலைத்தான் பார்க்க வேண்டும் என்று சொன்னேன்.

ஜிபிஎஸ் இருக்கும்போது தனியாகத் திசைகாட்டி எதற்கு என்று மருமகன் கேட்டார். நல்ல கேள்வி. ஜிபிஎஸ் நகரும் பொருளின் போக்கைச் சொல்லும். நின்றுகொண்டிருக்கும் படகின் முகம் எந்தப் பக்கம் என்று அதற்குத் தெரியாது. இடத்தைப் பிடித்து நிற்கும்போது படகு கிட்டத்தட்ட அசைவதே இல்லை. அப்போது காந்தத் திசைகாட்டி இல்லாவிட்டால் மோட்டார் எந்தப் பக்கம் இழுக்க வேண்டும் என்பதே தெரியாமல் தடுமாறும்.

இரண்டும் சேர்ந்த வகை ஏன் எடுக்கவில்லை

விஷயம் தெரிந்தவர்கள் இங்கே ஒரு கேள்வி கேட்பார்கள். கேபிளின் உணர்வும் ஜிபிஎஸ் நங்கூரமும் ஒன்றாகவே கிடைக்கிறதே, அதையே எடுத்திருக்கலாமே? உண்மைதான். 2016இல் மின் கோட்டாவின் அல்ட்ரெக்ஸ் அப்படித்தான் வந்தது. கேபிள் பெடலுக்குப் பவர் ஸ்டீயரிங் சேர்த்து, ஜிபிஎஸ்ஸையும் உள்ளே வைத்தார்கள். 2019இல் கார்மின் நிறுவனத்தின் ஃபோர்ஸும் லோரன்ஸ் நிறுவனத்தின் கோஸ்டும் வந்தன. கேபிளின் உணர்வைக் காலுக்குத் தருகிற பெடல் அவற்றில் உண்டு. இருவர் சண்டையும் அங்கேயே தீர்ந்திருக்கும்.

தடையாக நின்றது படகு. இந்த வகை மோட்டார்கள் வந்தபோது 24 வோல்ட்டும் அதற்கு மேலும்தான். 24 வோல்ட் என்றால் ஒன்றுக்கு இரண்டு பேட்டரி. ஈயப் பேட்டரியில் 100 ஆம்பியர் மணிக்கு ஒன்றின் எடை 27 முதல் 30 கிலோ. மோட்டாரும் 12 வோல்ட் வகையைவிடக் கனம். அணியத்தில் ஓர் ஆளும் நிற்கிறார். 4.9 மீட்டர் படகில் இவ்வளவையும் ஏற்றினால் அது தண்ணீரில் தாழ்ந்தே போகும். எஞ்சினில் ஓடும்போது அலை உள்ளே அடிக்கும். எடை கம்மியான லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி, புதிய சார்ஜர், புதிய வயர் என்று மொத்தமாக மாற்றினால் சமாளிக்கலாம். அவர்கள் அந்த அளவுக்குத் தயாராக இல்லை. ஆறு மீட்டர் படகாக இருந்திருந்தால் நான் வேறு எதையும் பேசியே இருக்க மாட்டேன்.

எடுத்த முடிவு

12 வோல்ட், 55 பவுண்டு, மின் ஸ்டீயரிங், ஜிபிஎஸ், ரிமோட். கூடவே மின் பெடல். ரிமோட்டில் திருப்பினாலும் கேட்கும், பெடலில் மிதித்தாலும் கேட்கும்.

மருமகன் விட்டுக்கொடுத்தது அதிகம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் எடை போட்டுப் பார்த்தால், கேபிள் எடுத்திருந்தால் மாமனாரால் படகையே ஓட்ட முடியாது. மின் ஸ்டீயரிங் எடுத்தால் மருமகனால் ஓட்ட முடியும், அவர் விரும்புகிற விதத்தில் இல்லை, அவ்வளவுதான். இழப்பு இரண்டு பக்கமும் சமமாக இல்லாதபோது முடிவு எடுப்பது கஷ்டமில்லை. அவர் தனியாக வைத்திருக்கும் படகாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு கேபிள்தான் சொல்லியிருப்பேன்.

பொருத்தும்போது

தண்டின் நீளம் முதலில். அணியத்தின் மேல்தளம் தண்ணீருக்கு மேலே 40 சென்டிமீட்டர். புரொப்பெல்லர் தண்ணீருக்குள் நன்றாக முழுகி, சுமார் 30 சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்க வேண்டும். சாதாரணமாக 122 சென்டிமீட்டர் தண்டு போதும். 137 எடுத்தோம். காரணம் ஸ்டீயரிங்தான். அலையில் மூக்கு தூக்கும்போது புரொப்பெல்லர் வெளியே வந்து காற்றைக் கடைந்தால், இடத்தைப் பிடிக்கிற வேலை அந்தக் கணம் நின்றுபோகும். மோட்டார் பதறி வேகத்தைக் கூட்டும், சத்தம் போடும், கீழே இருக்கும் மீனும் கலையும். கையால் ஓட்டுகிறவர் அலையைப் பார்த்து அனுசரிப்பார். இயந்திரத்துக்கு அது தெரியாது. ஜிபிஎஸ் வகை என்றால் தண்டை ஒரு அளவு கூட்டியே எடுப்பது நல்லது. ஆழம் குறைந்த இடத்தில் தூக்கிக்கொள்ளலாம்.

அடுத்து வயர். பேட்டரி பின்னால், மோட்டார் முன்னால். போக வர 9 மீட்டர். முழு வேகத்தில் இந்த மோட்டார் 50 ஆம்பியர் இழுக்கும். 10 சதுர மில்லிமீட்டர் வயரில் அப்போது 0.8 வோல்ட் வழியிலேயே போய்விடும். 25 சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு 0.3 வோல்ட் சொச்சம். வெறும் மோட்டார் என்றால் மின்னழுத்தம் குறையும்போது வேகம்தான் குறையும். உள்ளே கணினி இருக்கிறதே! பேட்டரியும் இறங்கி, வயரிலும் இழப்பு சேர்ந்தால், பலத்த காற்றில் முழு வேகம் தேவைப்படுகிற சமயம் பார்த்து அது ஒரு முறை அணைந்து எழும். பிடித்து வைத்த இடமும் போய்விடும். 25 போட்டேன். பேட்டரி பக்கத்தில் 60 ஆம்பியர் பிரேக்கர். மீன் தேடும் சோனார் கருவிக்குத் தனியாகச் சின்ன பேட்டரி, ஏனென்றால் மோட்டாரின் வேகக்கட்டுப்பாடு எழுப்பும் மின் இரைச்சல் அதன் திரையில் கோடு கோடாக விழும்.

திசைகாட்டிச் சென்சாரை இரும்பிலிருந்தும் ஒலிபெருக்கிக் காந்தத்திலிருந்தும் எஞ்சின் வயரிலிருந்தும் தள்ளி வைத்தோம். அலுமினிய உடல் அதற்குத் தொந்தரவு தராது. பொருத்தியதும் அமைதியான தண்ணீரில் மெதுவாக வட்டமடித்து அளவைச் சரிசெய்தோம். எல்லாம் சரியாக இருந்தது. பிறகு ஒரு நாள் படகு இடத்தைப் பிடிக்காமல் கரண்டியால் கலக்கியதுபோல் சுற்றிச் சுற்றி வருகிறது என்று போன் வந்தது. போய்ப் பார்த்தால், நிஜமான இரும்பு நங்கூரமும் சங்கிலியும் அணியத்துப் பெட்டியில், சென்சாருக்கு ஒரு முழம் தள்ளி இருந்தன. பழைய இடத்தில் தண்ணீர் தேங்குகிறது என்று இங்கே மாற்றியிருக்கிறார்கள். நங்கூரத்தை நடுப் பெட்டிக்குக் கொண்டுபோய், மறுபடி அளவைச் சரிசெய்ததும் படகு நின்றது. ஜிபிஎஸ் வந்துவிட்டது என்று நிஜ நங்கூரத்தைக் கரையில் விட்டுப் போகக் கூடாது. பேட்டரி தீர்ந்தால் மிச்சம் அது ஒன்றுதான். மின் ஸ்டீயரிங் பழுதானால் கையால் திருப்ப வழியில்லாத மாடல்கள் உண்டு. எனவே துடுப்பும் படகில் இருக்க வேண்டும்.

தண்ணீரில்

மாமனார் பக்கம் சொல்ல அதிகம் இல்லை. அவர் நினைத்தது நடந்தது. நாற்காலியில் உட்கார்ந்து, ரிமோட்டைக் கழுத்தில் தொங்கவிட்டு, பாறை மேட்டின் மேல் நிற்கிறார். மீன் மாட்டினால் இரண்டு கையாலும் இழுக்கிறார், படகு நகர்வதில்லை.

பேட்டரிதான் அவருக்குக் கவலையாக இருந்தது. நாள் முழுக்க மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தால் தாங்குமா என்று கேட்டார். உந்துவிசையைப் பாதியாகக் குறைத்தால் மின்சாரம் பாதிக்கும் கீழே, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறையும் என்பது புரொப்பெல்லரின் இயல்பு. முன்னே சொன்ன காற்றுக் கணக்கை இதோடு சேர்த்தால், இளங்காற்றில் படகைப் பிடித்து நிறுத்த ஒன்றிரண்டு ஆம்பியர் போதும். நொடிக்கு 10 மீட்டர் காற்றில் 11, 12 ஆம்பியர் போகும். நிஜத்தில் காற்று விட்டு விட்டு அடிக்கும், அலை இருக்கும், அதனால் இதைவிடக் கூடவே ஆகும். ஈயப் பேட்டரியில் பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது என்று வைத்தால், 100 ஆம்பியர் மணியில் கைக்கு வருவது 50. இளங்காற்று நாளில் பொழுது முழுக்க வரும். பலத்த காற்றில் மூன்று, நான்கு மணி நேரத்தில் வீட்டுக்குக் கிளம்ப வேண்டும். அந்தக் காற்றில் அப்படிக் கிளம்புவதுதான் எனக்கும் சரியாகப் படுகிறது.

மருமகனுக்குப் பழக நாள் பிடித்தது. கேபிள் பழக்கத்தில் அவர் கால் சதா அசைந்துகொண்டே இருக்கும். மின் பெடலில் அப்படி அசைத்தால் தண்டு எப்போதும் ஒரு படி பின்னாலேயே வரும், தேவைக்கு மேல் திரும்பிவிடும், மறுபடி எதிர்ப்பக்கம் மிதிக்க வேண்டியிருக்கும். அவர் கண்டுபிடித்த வழி எனக்குப் பிடித்திருந்தது. கரையை ஒட்டிப் போகும்போது திசைப்பிடிப்பைப் போட்டு, வேகத்தை மிகக் குறைத்து, படகைத் தன் போக்கில் போகவிடுகிறார். கோட்டுப்பிடிப்பு வளைந்த கரைக்கு ஒத்துவராது. திசைப்பிடிப்பில் எப்போதாவது ஒரு சின்ன மிதி போதும். இப்போது வீச்சுக்கு வீச்சு காலைப் பற்றி நினைப்பதில்லை, கவனம் முழுக்க இரையில் இருக்கிறது என்கிறார். ஆனால் மரக்கிளைகள் நெருக்கமாக இருக்கும் இடத்தில், ஒரு சாண் இந்தப் பக்கம், ஒரு சாண் அந்தப் பக்கம் என்று நகர்த்தும்போது கேபிளுக்கு இது ஈடில்லை. அங்கே திரும்பும் சத்தமும் அவரை உறுத்துகிறது. அந்தக் குறை தீரவில்லை. இந்த மோட்டாரில் தீரவும் தீராது.

இன்னொன்றை இருவருக்கும் கண்டிப்பாகச் சொன்னேன். இடம் பிடிக்கும் நிலையில் இருக்கும் புரொப்பெல்லர் எந்தக் கணத்தில் சுற்றும் என்று யாருக்கும் தெரியாது. மாட்டிய மீன் படகுக்கு அடியில் அணியத்தைப் பார்த்து ஓடினால் நரம்பு அதில் சுற்றிக்கொள்ளும். சுற்றிய நரம்பு அச்சின் சீல்வரை போய்விட்டால் அதை அறுத்து, மோட்டாருக்குள் தண்ணீரை இறக்கிவிடும். எனவே மீன் அணியத்துப் பக்கம் வந்தால் முதல் வேலை ரிமோட்டில் புரொப்பெல்லரை நிறுத்துவது. சந்தேகம் இருந்தால் கரைக்கு வந்ததும் புரொப்பெல்லரைக் கழற்றிப் பார்ப்பது. யாராவது தண்ணீரில் இறங்குவதாக இருந்தால், மோட்டாரைத் தூக்கிவைத்த பிறகும் பிரேக்கரை அணைக்காமல் இறங்கக் கூடாது. எஞ்சினில் போகும்போதும் அப்படித்தான். சட்டைப்பையில் இருக்கும் ரிமோட் தற்செயலாக அழுந்தினால் தளத்தில் கிடக்கும் மோட்டார் சுற்ற ஆரம்பிக்கும்.

பெடலுக்கான வேலை ஒன்று பாக்கி இருக்கிறது. அணியத் தளத்தில் ஒரு குழி வெட்டிப் பெடலை அதில் இறக்கிவிட்டால் மிதிப்பலகை தளத்தோடு சமமாக வரும், மருமகன் இரண்டு காலையும் ஊன்றி நிற்கலாம். தளத்துக்கு அடியில் மிதவை நுரை எதுவரை நிரப்பியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். படகு கவிழ்ந்தால் அதை மிதக்க வைப்பது அந்த நுரைதான். அதை வெட்டி எடுத்துக் குழி போட நான் சம்மதிக்கவில்லை. நுரை இல்லாத இடத்தில் பெடல் அளவுக்கு இடம் கிடைத்தால் வெட்டலாம். கிடைக்காவிட்டால், தளத்தையே பெடல் உயரத்துக்குப் பலகை போட்டு உயர்த்துவதுதான் வழி.